கியோயேவின் பன்னிரண்டு மேசைகள்

என் மாமியார் கியோயேவுக்கு முட்டைக்கோஸ் மேல் இருந்த நம்பிக்கை மனிதர்கள் மேல் இருந்ததில்லை. ஜப்பானில் இருந்து வந்தவர்கள் சாவ் பாவுலோவுக்கு வெளியே அமைத்த எங்கள் செரெஜெய்ரா காலனியில் ஒவ்வொரு ஜூலையும் திருவிழா நடக்கும். சங்கக் கூடத்தில் அறுநூறு பேருக்கு யாக்கிசோபா என்ற நூடுல்ஸ் வதக்குவோம். நூடுல்ஸை ஆண்கள் வதக்குவார்கள், காய்களைப் பெண்கள் நறுக்குவார்கள். மகளிர் பிரிவுக்கு முப்பத்தொரு வருடம் தலைவியாக இருந்தவர் அவர்தான். கோஸை மட்டும் யாரிடமும் விட மாட்டார். 1984இல் நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் திருவிழாவில் என்னிடம் அவர் சொன்னது இரண்டே வாக்கியம்.

"வெங்காயம் உனக்கு. கோஸ் பக்கம் வராத."

அன்று தொடங்கி இருபத்தாறு வருடம் வெங்காயம் நறுக்கினேன். என் கண்ணீரைப் பார்த்த வெளியூர்க்காரர்கள் மாமியார் கொடுமை என்று நினைத்திருக்கலாம். பாதி அதுதான்.

நான் இத்தாலிக்காரர் வீட்டுப் பெண். காப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கூட்டத்தில் எங்கள் ஆட்களும் உண்டு, இந்த ஜப்பான்காரர்களும் உண்டு. அதனால் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நம்பி நெல்சனைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமான இரண்டாம் வாரம் வித்தியாசம் புரிந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் அத்தை, என் மாமியார்தான், ஒரு டப்பாவில் ஊறுகாய் கொடுத்து அனுப்பினார். நான் டப்பாவைப் பளபளவென்று கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெறுமையாவா கொண்டு வந்த?"

"கழுவித்தான் கொண்டு வந்தேன் அத்தை."

"அது தெரியுது. உங்க வீட்ல ஒரு எலுமிச்சங்கா கூடவா இல்ல?"

காலனியில் யாரும் வெறும் டப்பாவைத் திருப்பித் தருவதில்லை. இரண்டு முட்டை, ஒரு கொத்து வெங்காயத்தாள், ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு எலுமிச்சை. வெறும் டப்பா வந்தால், உன் உறவு போதும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னது மாதிரி. அன்று முதல் எங்கள் வீட்டில் எலுமிச்சை இல்லாத நாளே கிடையாது.

இந்தக் காலனியிலேயே வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்து வந்த இன்னொரு ஆள் தெய்சோ நிகாவா. அத்தை மரியாதையாக நிகாவா சான் என்பார். ஓவியர். பதினொரு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். எல்லாரையும் போலக் காப்பி பறித்தார், எல்லாரையும் போலக் கோழி வளர்த்தார், இரண்டிலும் தேறவில்லை. மீதி நேரத்தில் படம் வரைந்தார். மரம், மலை, ஆள் எதுவும் அவர் படத்தில் இருக்காது. நிறம் மட்டும்தான் இருக்கும். காலனிக்காரர்கள் மரியாதையோடு பார்ப்பார்கள், மரியாதையோடு குழம்புவார்கள். ஒரு தடவை சங்கத் தலைவர் கட்டாயாமா ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாராம்.

"கறுப்பு."

"சரி, பக்கத்துல இருக்கறது?"

"அதுவும் கறுப்புதான். வேற கறுப்பு."

அதற்குப் பிறகு அவரிடம் யாரும் படத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

திருவிழா என்றால் ஆளுக்கொரு வேலை செய்தே ஆக வேண்டும். நிகாவாவை நூடுல்ஸ் வதக்கவிட்டால் கருகும். வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொன்னால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியில் யாருக்கும் கெடுதல் வராத ஒரு வேலையை அத்தை கண்டுபிடித்தார். திருவிழா முடிந்ததும் கூடத்து மேசைகளைக் கழுவி, ஆடும் கால்களைச் சரிசெய்து, கிடங்கில் அடுக்குவது. கனமான பழைய மரத்தில் செய்த பன்னிரண்டு நீள மேசைகள். சாப்பிடுகிறவர்கள் முழங்காலில் உரசாமல் இருக்க அவற்றின் அடியில் கோழித்தீவனச் சாக்கை விரித்து ஆணி அடித்திருந்தார்கள். வேறொருவர் என்றால் அரை நாளில் முடித்துவிடுவார். நிகாவாவுக்கு மூன்று நாள் ஆகும். அதுவும் கூடத்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு.

"பன்னெண்டு மேசைக்கு மூணு நாளா? ஒவ்வொரு காலுக்கும் சோப்பு போட்டுத் தலைவாரி விடறாரா?" என்று அத்தை வாசலில் நின்று சத்தம் போடுவார். உள்ளேயிருந்து பதில் வராது.

1981இல் நிகாவாவின் மனைவி இறந்துபோனார். பிள்ளை வேலை தேடி ஜப்பானுக்குப் போய்விட்டான். தாத்தா கப்பலேறி வந்த ஊருக்குப் பேரன் விமானத்தில் திரும்பிப் போனான். தனியாக இருந்த மனிதருக்கு அத்தை தினமும் சாயந்தரம் சாப்பாடு அனுப்பினார். நான் வந்த பிறகு டப்பாவைக் கொண்டுபோகிற வேலை என் தலையில் விழுந்தது. நிகாவா கதவைத் திறப்பார், குனிவார், வாங்குவார், முதல் நாள் டப்பாவைக் கொடுப்பார். சுத்தமாகக் கழுவியிருக்கும். வெறுமையாக இருக்கும். நன்றி என்றோ நன்றாக இருந்தது என்றோ ஒரு வார்த்தை கிடையாது.

அத்தை ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்ப்பார், மூடுவார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்காரு?" என்று நான்தான் எரிந்து விழுவேன். "நான் ஒரு நாள் வெறும் டப்பா கொடுத்ததுக்கு என்ன பேச்சுப் பேசினீங்க. இவரை ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"அவருக்கு என்கிட்ட வெறும் டப்பா கொடுக்க உரிமை இருக்கு. நீ உன் வேலையப் பாரு."

அது என்ன உரிமை என்று அவர் சொல்லவில்லை. மறுநாளும் சமைத்தார். பூசணிக்காய், மிசோ என்ற சோயா விழுது போட்ட கத்தரிக்காய், பல் போன பிறகு கஞ்சி. இப்படி இருபத்திரண்டு வருடம். 2003இல் திருவிழா முடிந்து மூன்று மாதம் கழித்து நிகாவா இறந்தார். கடைசி டப்பாவும் வெறுமையாகத்தான் இருந்தது.

அவர் வீட்டில் இருந்த நாற்பது படங்களைச் சங்கம் எடுத்துக் கூடத்துக் கிடங்கில் வைத்தது. கிடங்கு மழைக்கு ஒழுகும். படங்களின் மேல் தார்ப்பாய் போட்டோம். வருடத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்துப் பூஞ்சணத்தைத் துணியால் துடைத்தோம். எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

2009 மே மாதம் சாவ் பாவுலோவில் இருந்து பியாட்ரிஸ் என்ற பெண் வந்தாள். ஓர் அருங்காட்சியகத்தில் வேலை. முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் நிகாவாவைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்து வைத்திருந்தாள். கையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். ஒரு பெரிய சுவர், அதில் கதவளவு பலகைகள் பன்னிரண்டு வரிசையாக. 1961இல் சாவ் பாவுலோவில் நிகாவா வைத்த ஒரே பெரிய படைப்பு அது. அப்போது யாரும் சீந்தவில்லை. முட்டை லாரியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

கூடத்தில் எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். "இந்தப் பலகைங்க கிடைச்சா அவருக்குன்னு ஒரு அறையே ஒதுக்கறோம்னு இயக்குநர் சொல்லியிருக்காரு. கிடங்குல இருக்கற நாப்பது படத்தையும் நாங்களே எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணிப் பத்திரமா வச்சுக்குவோம். கிடைக்கலைன்னா அந்த அறை வேற ஒருத்தருக்குப் போயிடும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் கிளம்பணும். அதுக்குள்ள யாருக்காவது ஞாபகம் வந்தா சொல்லுங்க."

கட்டாயாமா தலையைச் சொறிந்தார். "கூடம் கட்டறப்ப நிகாவா பலகை கொடுத்ததா ஞாபகம். 74ல. ஆளாளுக்கு மரம், ஓடுன்னு கொடுத்தாங்க. கியோயே அக்கா, மரமெல்லாம் உங்க வீட்டுக்காரர் பொறுப்புலதான இருந்துச்சு?"

அத்தை நிமிரவே இல்லை.

"எரிச்சுட்டோம்," என்றார். "கரையான் பிடிச்சிருந்துச்சு."

பியாட்ரிஸின் முகம் வாடிப்போனது. அத்தை எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று அவர் சாப்பிடவில்லை, மறுநாளும் இல்லை. எழுபத்தெட்டு வயதில் இரண்டு நாள் பட்டினி என்றால் எனக்குப் பயம் வந்துவிட்டது. சனிக்கிழமை சாயந்தரம் அவர் வீட்டுச் சமையலறைக்குப் போனேன். மறுநாள் கூடத்தில் மாதச் சாப்பாடு, அதற்காகக் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கனமும் மெல்லிசுமாகக் கண்டபடி விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் ஏதோ பெரிய விஷயம் என்று தெரிந்துவிட்டது.

"என்ன அத்தை ஆச்சு?"

கத்தியை வைத்தார்.

"எரிக்கல லூசியா. மேசை."

"எந்த மேசை?"

"கூடத்து மேசை. பன்னெண்டும்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். 74இல் கூடம் எழும்பியபோது நிகாவாவிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இந்தப் பன்னிரண்டு பலகையைக் கொண்டுவந்து இறக்கி, "மரம்" என்று மட்டும் சொன்னார். நல்ல கனமான மரம். கூடத்தில் மேசை இல்லை. மரம் கொடுத்தால் மரம்தானே என்று அத்தை மாமாவிடம் சொல்லிக் கால் வைக்கச் சொன்னார். படத்தின் மேல் சோயா சாறு சிந்தக்கூடாது என்று வரைந்த பக்கத்தைக் கீழே திருப்பினார். ஜனங்களின் முழங்கால் பட்டுத் தேயக்கூடாது என்று அதன் மேல் சாக்குத் துணியும் அடிக்கச் சொன்னார். எல்லாம் மரியாதைக்குத்தான்.

"மேசை ரெடியான அன்னிக்கு நிகாவா சான் வந்தாரு. நின்னு பார்த்தாரு. குனிஞ்சு அடியில சாக்கைத் தொட்டுப் பார்த்தாரு. ஒண்ணுமே சொல்லல. உக்காந்து ஒரு கிண்ணம் ஊதோன் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டுப் போயிட்டாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. மரம்னு சொல்லிக் கொடுத்த படத்தைச் சுவத்துல மாட்டியிருக்கணும். நான் கவுத்துப் போட்டுட்டேன்."

"அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது? சம்சாரம் செத்ததும், சரி சோறாவது போடுவோம்னு ஆரம்பிச்சேன். டப்பா வெறுமையா வந்துச்சு. கோவம் தீரலைன்னு தெரிஞ்சுது. இருபத்திரண்டு வருஷமும் தீரல." ஏப்ரனில் கையைத் துடைத்தார். "அது மேல வச்சு முப்பத்தஞ்சு வருஷம் கோஸ் நறுக்கியிருக்கேன். கொதிக்கிற சட்டிய வச்சிருக்கேன். அந்தப் பொண்ணுக்கிட்ட எப்படிச் சொல்றது?"

எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருடம் சட்டம் பேசிய மனுஷி, உள்ளுக்குள் இப்படி வெந்துகொண்டா இருந்திருக்கிறார்?

"சொல்லலைன்னா அந்த நாப்பது படமும் கிடங்குலயே மக்கிப்போகும் அத்தை," என்றேன். "அப்புறம் ரெண்டு தடவை கவுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்."

மறுபடி கத்தியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதச் சாப்பாட்டுக்கு எண்பது பேர் வந்தார்கள். பியாட்ரிஸ் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமிருப்பதால் சாப்பிட உட்கார்ந்தாள். தேடி வந்த பலகையின் மேலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டு நூடுல்ஸை ஊதி ஊதிச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று எனக்குச் சைகை வேறு காட்டினாள்.

அத்தை சமையலறையில் இருந்து வந்தார். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். நேராக அவள் மேசைக்குப் போனார்.

"எல்லாரும் தட்டைத் தூக்குங்க."

"இன்னும் சாப்பிடல அக்கா," என்றார் கட்டாயாமா.

"நின்னுக்கிட்டுச் சாப்பிடுங்க. நெல்சா, இந்தப் பக்கம் பிடி. மேசையத் திருப்பு."

என் கணவரும் இன்னும் மூன்று பேரும் மேசையைத் தலைகீழாகத் திருப்பிக் கீழே வைத்தார்கள். நான்கு கால்களும் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. அத்தை பியாட்ரிஸின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். "நான் பொய் சொன்னேன். எரிக்கல. இதான் அந்தப் பலகை. கெடுத்தது நான். வேற யாரையும் திட்டாதீங்க." பிறகு அவரே முட்டி போட்டு, கரண்டிக் காம்பால் ஆணிகளை நெம்பி, சாக்கை உரித்தார்.

உள்ளே நான் எதிர்பார்த்தது ஒரு மங்கிய கறுப்பு. ஆனால் மஞ்சளும் பழுப்பும் கத்தரி நீலமும் பச்சையும் பளிச்சென்று இருந்தன. வெயிலே படாத நிறங்கள். ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி, கொஞ்சம் விலகி, உள்ளங்கை அகலத்தில் இருந்து தாம்பாளம் அகலம் வரை. பியாட்ரிஸ் புகைப்படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஓரத்தில் மட்டும் பழைய கறுப்பு தெரிந்தது.

"பலகை இதுதான்," என்றாள். "ஆனா படம் இது இல்ல. இதுக்கு மேல யாரோ வரைஞ்சிருக்காங்க. ரொம்ப வருஷமா, கொஞ்சம் கொஞ்சமா." விரலை ஒரு மஞ்சள் திட்டின் பக்கம் கொண்டுபோனாள். "பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு. என்ன இது?"

ஜப்பானிய எழுத்து. எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் குனிந்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"படிங்க அக்கா," என்றார் கட்டாயாமா.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொண்ணு," என்று அத்தை படித்தார். "கியோயே வீட்டுப் பூசணிக்காய்."

நெல்சன் அடுத்த மேசையைத் திருப்பினார். பிறகு எல்லாரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நான்கு நான்கு பேராகச் சேர்ந்து மற்ற மேசைகளையும் திருப்பிச் சாக்கை உரித்தார்கள். அத்தை ஒவ்வொன்றின் முன்னாலும் முட்டி போட்டுப் போட்டுப் படித்தார். கீரையின் பச்சை. புதுவருட இஞ்சி. சிவப்புப் பயறு, இனிப்பு கொஞ்சம் அதிகம். ஒரு கரும் ஊதாவின் பக்கத்தில் நின்று முகத்தைச் சுளித்தார்.

"எண்பத்தாறு. மிசோ கத்தரிக்காய், கொஞ்சம் கருகியது." கண்ணாடியைக் கழற்றினார். "கருகல. அந்த வருஷம் கத்தரிக்காயே அந்த நிறம்தான்."

எல்லாரும் சிரித்துவிட்டோம். பியாட்ரிஸ் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பன்னிரண்டாவது மேசையின் மூலையில் வெறும் வெள்ளை. கை நடுங்கிப் பூசியது தெரிந்தது. "ரெண்டாயிரத்து மூணு," என்று அத்தை படித்தார். "பல் இல்லை. கஞ்சி. சூடாக இருந்தது."

அந்த மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். மாமா இறந்தபோது கூட முட்டை வண்டியை அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தவர்.

"மூணு நாள் ஏன் ஆச்சுன்னு இப்பத் தெரியுது," என்றார். "ஒரு நாள் கூட வெறும் டப்பா தரல லூசியா. அந்த மனுஷன் வருஷா வருஷம் திருப்பிக் கொடுத்திருக்காரு. நான்தான் அது மேல தட்டை வச்சுக்கிட்டு, தரலை தரலைன்னு இருந்திருக்கேன்."

பியாட்ரிஸ் அன்று பஸ்ஸை விட்டுவிட்டாள். 1961இன் படைப்பு இனி இல்லை என்று இயக்குநருக்குத் தொலைபேசியில் சொன்னாள், இருப்பது என்ன என்றும் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அறை நிகாவாவுக்கே என்று பதில் வந்தது. கால்களைக் கழற்றிவிட்டுச் சுவரில் மாட்டலாம் என்று அங்கே யாரோ யோசனை சொன்னார்களாம். கால் வைத்தது என் வீட்டுக்காரர், அதைச் சரிசெய்தது நிகாவா சான், கழற்ற விட மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டார். மேசைகள் காலோடுதான் போயின. இன்னொரு நிபந்தனையும் போட்டார். பன்னிரண்டு மேசை போனால் பன்னிரண்டு மேசை வரவேண்டும், ஜூலையில் ஜனங்கள் நின்றுகொண்டா சாப்பிடுவார்கள்?

வந்தன. வெள்ளைப் பலகை, இரும்புக் கால், மடக்கி வைக்கலாம். கிடங்கில் இருந்த நாற்பது படங்களும் ஒழுகாத ஓர் இடத்துக்குப் போய்ச்சேர்ந்தன. கண்காட்சி திறந்த அன்று காலனியே இரண்டு பஸ்ஸில் போனது. பக்கவாட்டில் நிறுத்தியிருந்த மேசைகளின் முன்னால் அத்தை ஒவ்வொன்றாகக் குனிந்து வணங்கிக்கொண்டே போனார். சாவ் பாவுலோக்காரர்கள் அதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் பியாட்ரிஸை நான் இன்னும் நன்றியோடு நினைக்கிறேன். அவள் வந்திருக்காவிட்டால் அத்தை அந்தக் குற்ற உணர்ச்சியோடேயே போய்ச்சேர்ந்திருப்பார்.

2010 ஜூலைத் திருவிழா முடிந்ததும் அத்தை ஒரு புது அறிவிப்பு செய்தார். இனி மேசைகளைக் கழுவுவது தன் பொறுப்பு. கூடத்தை உள்ளே தாழிட்டுக்கொண்டார். முதல் நாள் போனது. இரண்டாம் நாளும் போனது. பிளாஸ்டிக் மேசை, ஈரத் துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் முடிந்தது.

"பன்னெண்டு மேசைக்கு மூணு நாளா அத்தை?" என்று வாசலில் நின்று நான் சத்தம் போட்டேன். இந்தச் சந்தர்ப்பத்துக்கு இருபத்தாறு வருடம் காத்திருந்தேன்.

உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போன பிறகு நெல்சனை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். முதல் மேசையைச் சாய்த்தோம். அடியில், ஒரு மூலையில், மைப் பேனாவில் எழுதிய நான்கு வரி. அத்தைக்குப் படம் வரைய வராது. எழுத்து மட்டும்தான். நெல்சனுக்கு ஜப்பானிய மொழி தட்டுத் தடுமாறித்தான் வரும், எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நிகாவா சான். இந்த வருடம் மழை இல்லை, பூசணி சரியில்லை, மன்னிக்கவும். அறுநூற்று நாற்பது பேர் சாப்பிட்டார்கள்." நிறுத்தி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி படித்தார். "வெங்காயம் லூசியா நறுக்கினாள். இருபத்தாறு வருடமாக நன்றாகத்தான் நறுக்குகிறாள். அவளிடம் சொல்லவில்லை."

மேசையை நிமிர்த்தி வைத்தோம். நெல்சன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கப் போய்விட்டார். இப்போது இங்கே ஒரு வெங்காயமும் இல்லை, என்ன சாக்கு சொல்லுவது?

நாங்கள் பார்த்ததை அத்தையிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, போன வாரம் அவர் ஊறுகாய் கொடுத்தனுப்பிய டப்பாவைத் தேடி எடுத்துக் கழுவினேன். மரத்தில் இருந்து பார்த்துப் பார்த்து நான்கு நல்ல எலுமிச்சை பறித்து உள்ளே போட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"எதுக்கு நாலு?" என்றார்.

"காய்ச்சுக் கிடக்கு அத்தை," என்றேன்.